கிராமுக்குக் கூடியது, லிட்டருக்குக் குறைந்தது

தாவரச் செல்களைக் குடுவையில் வளர்த்து மருந்துப் பொருள் எடுக்கும் ஆய்வு எங்களுடையது. "நானோ துகள் சேர்த்தோம், மருந்துப் பொருள் இரண்டு மடங்கு ஆகிவிட்டது" என்று வரைபடத்தோடு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, செல்கள் எவ்வளவு வளர்ந்தன என்பதைத்தான்.

குடுவைக்குள் இருக்கும் செல்லுக்குச் சர்க்கரை, உப்பு, ஹார்மோன் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. தற்காப்புப் பொருள்களைச் செய்ய அதற்கு அவசியமே வருவதில்லை. நாம் மருந்து என்று தேடுவது பெரும்பாலும் அந்தத் தற்காப்புப் பொருள்களைத்தான். வெள்ளி, துத்தநாக ஆக்ஸைடு போன்ற நானோ துகள்களைச் சேர்த்தால் செல்லுக்குள் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும், கால்சியம் பாயும், தற்காப்பைத் தூண்டும் ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலத்தின் சமிக்ஞை எழும். ஆபத்து என்று உணர்ந்த செல் தற்காப்பில் இறங்கும். அளவு சற்று மிஞ்சினால் செத்தும் போகும்.

ஆகவே கணக்கு முக்கியம். லிட்டருக்கு 10 கிராம் உலர் செல், கிராமுக்கு 2 மில்லிகிராம் மருந்து என்றால் லிட்டருக்கு மொத்தம் 20 மில்லிகிராம். துகள் சேர்த்தபின் செல் 4 கிராமாகச் சுருங்கி, கிராமுக்கு 4 மில்லிகிராம் கிடைத்தால் மொத்தம் 16 மில்லிகிராம்தான். இதை இரட்டிப்பு என்று எழுதுவது தவறு.

எங்கள் ஆய்வகத்தில் வெள்ளித் துகளை ஊடகத்தோடு, அதாவது செல் வளரும் சத்துக் கரைசலோடு, சேர்த்தே ஆட்டோகிளேவ் செய்தோம் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினோம்). மஞ்சளாக இருந்த கரைசல் சாம்பல் நிறமாகி அடியில் படிந்தது. ஊடகத்தின் உப்புகளாலும் சூட்டாலும் துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவானது. மூன்று மாத வேலை வீண். செல்லுக்குக் கிடைத்தது நானோவே அல்ல.

இன்னொன்று, துகளிலிருந்து வெள்ளி அயனி கசியும். அது எத்திலீன் என்ற தாவர ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் என்பது 1976 முதல் தெரிந்த செய்தி. அப்படியானால் விளைவு துகளால் வந்ததா, அயனியால் வந்ததா? அதே அளவு வெள்ளியை வெள்ளி நைட்ரேட்டாகக் கொடுத்து ஒப்பிடாத ஆய்வை நான் நம்புவதில்லை.

நித்தியகல்யாணியின் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் விஷயத்தில் எதிர்பார்ப்பையே குறைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பாதியான வின்டோலின், இலையின் வெவ்வேறு வகைச் செல்கள் பங்கிட்டுச் செய்வது. குடுவையில் வளரும் உருவமற்ற செல் திரளான கேலஸில் அந்தச் செல்களே உருவாவதில்லை. எந்தத் துகளைப் போட்டுத் தூண்டுவது?

ஜப்பானில் 1983-இல் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயப் பொருளைத் தாவரச் செல்களிலிருந்து வணிக அளவில் எடுத்தவர்கள் முதலில் செல்லை வளர்த்தார்கள், பிறகு உற்பத்தி ஊடகத்துக்கு மாற்றினார்கள். நானும் இப்போது வளர்ச்சி நிற்கும் தறுவாயில்தான் துகளைச் சேர்க்கச் சொல்கிறேன். அறுவடைக்குப் பின் சாற்றில் எவ்வளவு உலோகம் தங்கியிருக்கிறது என்று அளந்தாக வேண்டும். மிஞ்சிய ஊடகத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களையும் வெள்ளி கொல்லும்.