ஏச்சு எப்போது துன்புறுத்தல் ஆகிறது?

"நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, சாப்பாடு இறங்குதில்லை" என்றுதான் வேலைத்தலத்தில் துன்புறுத்தப்படுகிறவர்கள் மனநல கிளினிக்குக்கு வருவார்கள். முதல் நாளிலேயே அதைப் பற்றி வாய் திறப்பவர்கள் குறைவு. ஞாயிறு பின்னேரம் தொடங்கும் வயிற்றுக்குத்து, லீவு நாளில் வராத தலையிடி என்று துருவித் துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளியில் வரும்.

கண்டிப்பான மேலதிகாரி எல்லோரும் கொடுமைக்காரர் இல்லை. "இந்தத் தையல் பிழை, அவிழ்த்துத் திரும்ப அடி" என்றால் அது வேலையைப் பற்றிய பேச்சு. "உனக்கெல்லாம் ஆர் வேலை தந்தது?" என்று தையல் லைனில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கச் சொன்னால் அது ஆளைப் பற்றியது. ஒரு நாள் வந்தால் கோபம் என்று விடலாம். ஒரே ஆளைக் குறிவைத்துக் கிழமைக்குக் கிழமை நடந்தால் துன்புறுத்தல். சத்தமில்லாமலும் நடக்கும்: கூட்டத்துக்குச் சொல்லாமல் விடுவது, முடிக்கவே முடியாத டார்கெட்டை ஒருவருக்கு மட்டும் போடுவது, இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வேலை சொல்லிவிட்டு, விடிந்ததும் "ஏன் பதிலில்லை" என்று எல்லோர் முன்னாலும் கேட்பது.

இலங்கையின் வடக்கில், போர் நடந்த வன்னியில் இதற்குக் கூடுதல் பிடிகள் உண்டு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வேலை போனால் அடுத்தது இலேசில் கிடைக்காது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு நுண்கடன் தவணை நிற்காது. இதெல்லாம் மேலே இருப்பவருக்கும் தெரியும். போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளியிடம் "உன்ர பழைய கதை எனக்குத் தெரியும்" என்ற ஒரு வசனம் போதும், பிறகு அவர் எதற்கும் எதிர்த்துக் கதைக்கமாட்டார். வேலை எடுத்துக் கொடுத்தவர் சொந்தக்காரர் என்றால் வீட்டிலும் "பொறுத்துப் போ" என்பார்கள். அதிகம் கெடுப்பது அந்த அறிவுரைதான்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார். "கேவலமாய் ஏசினார்" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. என்ன சொல்லி ஏசினார் என்பது வேண்டும். மெசேஜை ஸ்க்ரீன்ஷொட் எடுக்கும்போது இலக்கமும் திகதியும் தெரியட்டும், இன்னொரு ஃபோனிலும் பிரதி இருக்கட்டும். அலுவலகக் கணினியில் எதையும் வைக்கவேண்டாம். வைத்தியரிடம் வேலைப் பிரச்சினையையும் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் பதிவாகும்.

ஆத்திரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதுவதுதான் பெரிய பிழை. "சொந்தக் காரணம்" என்று கையெழுத்து வைத்தபின், தாங்கமுடியாமல் விலகவைத்தார்கள் என்று நிரூபிப்பது மிகக் கஷ்டம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் வைக்கவேண்டாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

தனியார் துறையில் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்; வேலை நீக்கம் என்றால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். அரச ஊழியர் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வவுனியாவில் அந்த ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு.

சாகலாம் போல எண்ணம் வந்தால் கொப்பியும் கடிதமும் பிறகு. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள்.