டார்கெட் வருது, ஆளு வரல: பேங்க் பிளான் எங்க சிக்குது

பேங்க்ல புதுசா மேனேஜர் ஆகுறவங்களுக்காக இதை எழுதுறேன், 22 வருஷம் பிராஞ்ச், ஜோனல் ஆபீஸ்னு மாறி மாறி வேலை பாத்ததுல மனசுல தங்கிப்போன விஷயம்.

ஏப்ரல் வந்தா எச்ஓல, அதாவது ஹெட் ஆபீஸ்ல இருந்து பிளான் வரும். நகைக்கடனை மட்டும் நம்பாதீங்க, சிறுதொழில் லோன ஏத்துங்க, கஸ்டமரை மொபைல் ஆப்புக்கு மாத்துங்கன்னு. நல்ல பிளான் தான், குறையே சொல்ல முடியாது. ஆனா என் பிராஞ்ச்ல அப்ப நான், ஒரு ஆபீசர், ரெண்டு கிளர்க், அவ்வளவுதான். பத்து மணிக்கே நகை வைக்க க்யூ நிக்கும், அப்ரைசர் உரசிப் பாத்து எடை போட்டு சீட்டு எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆளு சத்தம் போடுவாரு, இதுக்கு நடுவுல சிறுதொழில் லோனுக்காக லேத் பட்டறைக்காரரோட ஜிஎஸ்டி ரிட்டர்னை யாரு உக்காந்து படிக்கறது?

அப்படியும் அந்த ஆபீசர் சாயங்காலம் பட்டறை பட்டறையா ஏறி இறங்கி பத்து பன்னெண்டு பேரை புடிச்சு வச்சிருந்தாரு. மூணு வருஷம் முடிஞ்சதும் ட்ரான்ஸ்பர். யாரு ஒழுங்கா கட்டுவாரு, யாரு இழுப்பாருங்கறதெல்லாம் அவர் மனசுல இருந்துச்சு, பைல்ல இல்ல. புதுசா வந்தவரு மறுபடி முதல்ல இருந்து.

என்னைக் கேட்டா இதை விட பெரிய சிக்கல், மேல எதை எண்ணுறாங்கங்கறது தான். ஆப் ஆக்டிவேஷன் எத்தனைன்னு தினமும் வாட்ஸ்அப்ல கேப்பாங்க. பென்ஷன் வாங்க வந்த ஒரு பாட்டி கைல பட்டன் போன் தான், எங்க கிளர்க் பேரன் நம்பரை அக்கவுன்ட்ல சேத்து ஆப்பை ஏத்திட்டாரு. கணக்குல ஒண்ணு கூடுச்சு, ஓடிபி பூரா பேரனுக்கு.

2023 அக்டோபர்ல பேங்க் ஆப் பரோடாவோட பாப் வேர்ல்டு ஆப்ல புது கஸ்டமரை சேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் நிறுத்துச்சு, சேக்குற விதம் சரியில்லன்னு, அந்தத் தடை நீங்க 2024 மே ஆயிடுச்சு. அமெரிக்காவுல வெல்ஸ் பார்கோ பேங்க் ஒரு கஸ்டமருக்கு 8 ப்ராடக்ட்னு துரத்துனது, கஸ்டமருக்கே தெரியாம தொறந்த லட்சக்கணக்கான அக்கவுன்ட்ல போயி நின்னுச்சு, 2016ல 18.5 கோடி டாலர் அபராதம், வேலை போனது சுமார் 5300 பேருக்கு.

அதனால ஜோனல் ஆபீஸ் போனப்புறம் நான் ரிவியூல கேள்வியை மாத்திட்டேன், எத்தனை பேரை சேத்தீங்கன்னு இல்ல, சேந்தவங்கள்ல இந்த மாசம் ரெண்டு தடவையாவது யூஸ் பண்ணது எத்தனை பேருன்னு. நம்பர் அப்படியே விழுந்துச்சு, மேல இருந்து திட்டும் விழுந்துச்சு, ஆனா எந்த பிராஞ்ச்ல ஆளு பத்தலங்கறது அப்பதான் பேப்பர்ல தெரிஞ்சுது, ரெண்டு பிராஞ்சுக்கு ஆள் கேட்டு வாங்கினோம்.

அந்தப் பாட்டி அக்கவுன்ட்ல பேரன் நம்பரை அன்னைக்கே எடுக்கச் சொல்லிட்டேன். அவங்க கேட்டது பாஸ்புக் என்ட்ரி மட்டும் தான்.