பேட்டரி: மின்கலமா, மின்கலவடுக்கா?

என் சித்தி மகன் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறான். ஏரிகளுக்குப் பேர்போன இடம். போன வருஷம் 16 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினான். அதன் முகப்பில் டிரோலிங் மோட்டார் (படகை மெல்ல நகர்த்தும் சின்ன மின்மோட்டார்) இருந்தது, அதற்குப் பேட்டரி இல்லை. “அண்ணே, லித்தியத்துல நூறு ஆம்பியர் பேட்டரி போதுமா? கரண்டு சாமான் கையேடெல்லாம் மொழிபெயர்க்கிறவர்தானே நீங்க” என்று போன் செய்தான். கையேடு மொழிபெயர்ப்பவனுக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று எவன் சொன்னான்? ஆனால் அவன் கேட்ட கேள்வியில் சொற்கள் சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. அங்கிருந்து தொடங்கினோம்.

முதலில் டிரோலிங். மெதுவாக ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதுதான் இது. பழைய பிரெஞ்சில் ‘திரோலர்’ என்றால் வேட்டைக்காரர்கள் இரை தேடி அலைவது. பாக் நீரிணையில் சண்டைக்குக் காரணமான இழுவை மடிக்கு ஆங்கிலத்தில் டிராலிங் என்று பெயர். அது கடலடியை வலையால் வாரிக்கொண்டு போகும் வேறு தொழில், சொல்லும் வேறு. இணையத்தில் ஆளைக் கலாய்க்கும் ‘ட்ரோல்’ இந்தத் தூண்டில்காரன் வழியில் வந்தது. இரையைப் போட்டுவிட்டு யார் கடிக்கிறார்கள் என்று பார்ப்பது. நார்வே நாட்டுக் கதைகளில் வரும் ட்ரோல் பூதமும் பிறகு அதில் கலந்துகொண்டது. டிரோலிங்குக்குத் தமிழில் ‘உலாத்தூண்டில்’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை.

மோட்டாருக்கு அந்தப் பெயர் ஒட்டாது. 1934இல் வட டக்கோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, வளையும் தண்டும் சுழல்விசிறியும் பூட்டிப் படகில் மாட்டினார். மினசோட்டாவும் டக்கோட்டாவும் சேரும் எல்லை என்பதால் அவர் நிறுவனத்துக்கு மின் கோட்டா என்று பெயர். அந்த ‘மின்’னுக்கும் நம் மின்னுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. இன்று பலர் அந்த மோட்டாரை வைத்திருப்பது தூண்டிலை இழுக்க இல்லை, சத்தம் போடாமல் மீன் இருக்கும் இடத்துக்கு நகரவும் காற்றில் படகு நகராமல் பிடித்து நிறுத்தவும்தான். அதனால் நான் ‘மெல்லோட்ட மோட்டார்’ என்றே எழுதுவேன்.

இனி பேட்டரி. லத்தீனில் அடிப்பது என்ற வினை, பிரெஞ்சில் ‘பத்ர்’ ஆகி, அதிலிருந்து ‘பத்ரி’ வந்தது. கோட்டையை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அந்தப் பெயர். 1749இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஈயத் தகடு பதித்த 11 கண்ணாடிப் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே அடியில் மின்சாரத்தை வெளியேற்றினார். அதற்கு ‘மின் பேட்டரி’ என்று கடிதத்தில் பெயர் வைத்தார். ஒரு பீரங்கி பேட்டரி ஆகாது, ஒரு கண்ணாடியும் ஆகாது. பல சேர்ந்து ஒன்றாக வேலை செய்தால்தான் பேட்டரி.

நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். டார்ச்சுக்குப் போடும் ஒற்றைச் செல்லைப் ‘பேட்டரி கட்டை’ என்கிறோம். பேட்டரி என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘மின்கலம்’ என்று எழுதிவிட்டுத் தமிழாக்கிவிட்டதாக நினைக்கிறோம். மின்கலம் என்பது செல். பல மின்கலங்கள் சேர்ந்ததுதான் பேட்டரி. அதற்கு ‘மின்கல அடுக்கு’ என்ற சொல் பாடப்புத்தகங்களிலேயே உண்டு. இலங்கையில் ‘மின்கலவடுக்கு’ என்று சேர்த்தே எழுதுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பிடிப்பதற்குக் காரணம் அந்த ‘அடுக்கு’. 1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா செய்த முதல் மின்கலவடுக்கு, துத்தநாகத் தட்டு, வெள்ளித் தட்டு, நடுவில் உப்புநீரில் நனைத்த அட்டை என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் டார்ச் கட்டையைப் ‘பில்’ என்கிறார்கள், அடுக்கு என்று பொருள். ஆங்கிலம் ஃபிராங்க்ளினின் பீரங்கியோடு நின்றுவிட்டது, தமிழோ வோல்ட்டாவின் மேசைக்கே போய்விட்டது. அதோடு கலம் என்றால் பாத்திரம். மின்கலவடுக்கு என்று சொல்லும்போது பரணில் இருக்கும் அடுக்குப் பானை ஞாபகம் வந்தால் தப்பே இல்லை, சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் தலையை எண்ணுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஆறு மூடி இருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஓர் அறை, ஒவ்வோர் அறையும் ஒரு மின்கலம். ஈய மின்கலம் ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட், ஆறு சேர்ந்து 12. லித்தியம் பேட்டரிக்கு மூடி கிடையாது, திறந்து பார்க்கவும் கூடாது. உள்ளே இருப்பது நான்கு மின்கல வரிசை, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட். பெருக்கினால் 12.8. பெட்டியில் 12.8 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் உள்ளே இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். படகுக்கு வேண்டியதும் அதுதான். செல்போனில் இருக்கும் லித்தியம் வகைகளைவிட இது எளிதில் தீப்பிடிக்காது, சில ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றலாம்.

லித்தியம் கிரேக்கத்தில் கல் என்று பொருள்படும் ‘லித்தோஸ்’ என்பதிலிருந்து வந்தது. 1817இல் ஸ்வீடனின் உத்தோ தீவுக் கனிமத்தில் கண்டுபிடித்தார்கள். கல்லிலிருந்து வந்ததால் கல் என்று பெயர், ஆனால் உலோகங்களிலேயே எடை குறைந்தது இதுதான்! ‘கல்லியம்’ என்று தமிழாக்கலாம்தான், கடைக்காரருக்குப் புரியாது. லித்தியம் என்றே இருக்கட்டும்.

அப்புறம் அந்த ‘நூறு ஆம்பியர்’. தம்பி கலந்து கேட்டது இரண்டு வேறு சமாச்சாரம். ஆம்பியர் என்பது குழாயில் தண்ணீர் வரும் வேகம், ஆம்பியர்-மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. கலம் என்பது நெல்லுக்கு அளவும்தான், 12 மரக்கால் ஒரு கலம்; இங்கே அந்தக் கலம் ஆம்பியர்-மணி. அவன் மோட்டாரின் உந்துவிசை 55 பவுண்டு, 12 வோல்ட் வகை. முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. ஆனால் யாரும் நாள் முழுக்க முழு வேகத்தில் போவதில்லை, மெல்ல நகர்ந்தால் காலையிலிருந்து மதியம் வரை தாராளமாக வரும். இதே கொள்ளளவுள்ள ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், எடையும் 30 கிலோவை நெருங்கும். லித்தியம் 12 கிலோ சுமார். சின்னப் படகின் முகப்பில் அந்த வித்தியாசம் காலடியிலேயே தெரியும்.

ஆம்பியர் என்ற தனி எண்ணும் பெட்டியில் இருக்கும். அது உள்ளே இருக்கும் காவல் சுற்று தொடர்ந்து எவ்வளவு விடும் என்பது. பி.எம்.எஸ். (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்று போட்டிருப்பார்கள், நான் ‘அடுக்குக் காவல்’ என்பேன். நான்கு கலமும் ஒரே அளவில் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும், எல்லை மீறினால் இணைப்பை வெட்டுவதும் அதன் வேலை. 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 50 மட்டுமே விடும் காவல் போதாது. நாளை 24 வோல்ட் மோட்டாருக்கு மாறினால் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும், அதைச் சில காவல்கள் அனுமதிப்பதில்லை.

மினசோட்டாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வால்ஐ மீன் பருவம் (நம் வாளை இல்லை இது) மே நடுவில் தொடங்கும்போது விடியற்காலையில் நல்ல குளிர். உறைநிலைக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோகம் படிந்து கலம் கெடும். அதனால் குளிரில் சார்ஜை நிறுத்தும் காவல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொன்னேன். சார்ஜரும் லித்தியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். முழுச் சார்ஜில் நீண்ட நேரம் முழு வேகம் வைக்கலாமா என்பதை மோட்டார் கையேட்டில் பார்த்துவிட வேண்டும்; ஈய பேட்டரி தீரத் தீர வோல்ட் இறங்கும், லித்தியத்தில் அப்படி இறங்காது, அதனால் மோட்டார் சூடேறும்.

வாங்கிவிட்டான். படகின் பக்கத்தில் பதிவெண் ஒட்டியாயிற்று, பின்னால் தமிழில் ஒரு பெயர் எழுத இடமிருக்கிறது, என்ன எழுதலாம் என்று கேட்டான். கலம் என்றால் கப்பலும்தானே! பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலை அகநானூற்றின் 149ஆம் பாட்டு ‘நன்கலம்’ என்கிறது. ‘மின்கலம்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.