கூடைப்பந்து: அந்த ‘ப்’ எதற்கு?

வேலூரில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு மாணவி தன் கட்டுரையில் ‘கூடை பந்து’ என்று எழுதியிருந்தாள். “நடுவில் ‘ப்’ எங்கேம்மா?” என்றேன். “சார், முதல்ல கூடையே எங்க இருக்கு? இரும்பு வளையமும் வலையும்தானே தொங்குது?” என்றாள். நியாயமான கேள்வி. மறுநாள் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு மூங்கில் கூடை வாங்கிக்கொண்டு போனேன்.

கதை 1891 டிசம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர், அங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. குளிர்காலத்தில் வெளியே ஆட வழியில்லை, உள்ளே உடற்பயிற்சி செய்து மாணவர்களுக்குச் சலித்துவிட்டது. புது விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியருக்கு 14 நாள் கெடு. அவர் கேட்டது 18 அங்குலச் சதுரப் பெட்டிகள் இரண்டு. அவை கிடைக்கவில்லை, பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் பீச் பழக் கூடைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி கிடைத்திருந்தால் இன்று நாம் பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருப்போம். கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்த உயரம் 10 அடி. இன்றைக்கும் அதே 10 அடிதான். அணிக்கு 9 பேர், 13 விதிகள். ஆடியது கால்பந்தை வைத்து. முதல் ஆட்டம் 1-0.

வாங்கி வந்த கூடையை ஜன்னல் கம்பியில் கட்டி, அந்த மாணவியைப் பந்து போடச் சொன்னேன். மூன்றாம் முறை விழுந்தது, உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. “ஐயோ, இப்ப யாரு சார் ஏறி எடுக்கறது?” ஸ்பிரிங்ஃபீல்டிலும் இதே பாடுதான்: ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து எடுத்தார்கள். அப்புறம் அடிப்பாகம் போனது, இரும்பு வளையம் வந்தது. பெயர் மட்டும் கூடையை விடவில்லை.

சரி, அந்த ‘ப்’. ‘கூடை பந்து’ என்றால் கூடையும் பந்தும் என்று உம்மைத்தொகையாகிவிடும். அங்கே ஒற்று மிகாது. நாம் சொல்வது கூடையில் போடும் பந்து. ‘இல்’ உருபும் ‘போடும்’ என்ற பயனும் மறைந்து நிற்கின்றன, அதனால் ஒற்று மிகும். பந்து எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஒரு புள்ளி எழுத்து சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எல்லாப் பந்துக்கும் இப்படி இல்லை. எறிபந்து என்றால் எறிந்த, எறிகிற, எறியும் பந்து; காலம் மறைந்து நிற்கும் வினைத்தொகை, அங்கே ஒற்று வராது.

கூடை, கூட்டுக்கு உறவான சொல். பறவை தங்க முடைந்தது கூடு, பொருள் தங்க முடைந்தது கூடை. பந்தோ சங்கப் பாடல்களிலேயே பெண்கள் ஆடிய பந்து. இரண்டுமே நம் வீட்டுச் சொற்கள் என்பதால் மொழிபெயர்ப்பு என்ற நெருடலே இல்லை.

“கூடைதான் போயிடுச்சே, வளையப்பந்துன்னு மாத்தலாமே சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். அந்தப் பெயர் டென்னிகாய்ட்டுக்குப் போய்விட்டது. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசி, நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்களே, அதற்கு. மைதானத்தில் பேஸ்கட்பால் என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். எழுதும்போது கூடைப்பந்து, ஒற்றோடு, சேர்த்து.

கூடையை இன்னும் கழற்றவில்லை. இடைவேளையில் காகிதப் பந்து போடுகிறார்கள்.