துடிப்பு குறைந்ததும் அற்றோபினா?

மேசையில் விழித்திருக்கும் பூனையின் இதயம் நிமிடத்துக்கு 140 முதல் 220 தடவை துடிக்கும். சத்திரசிகிச்சைக்காக அமைதிப்படுத்தும் மருந்தான சைலசீன் ஏறிய சில நிமிடங்களில் அது 100 அளவுக்கு இறங்கலாம். இடையில் ஒரு துடிப்புத் தவறவும் கூடும். உடனே, துடிப்பைக் கூட்டும் அற்றோபின் போத்தலைத் தேடத் தோன்றும். பொறுக்க வேண்டிய இடம் இதுதான்.

சைலசீன் முதலில் இரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அழுத்தம் ஏற, கழுத்து நாடியிலுள்ள உணரிகள் மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை வேகசு நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது. இந்நேரம் அற்றோபின் கொடுத்தால், இறுகிய குழாய்களுக்கு எதிராக இதயம் வேகமாக அடிக்க நேரும். அதன் ஒட்சிசன் தேவை கூடி, தாளம் உண்மையிலேயே குழம்பலாம். உள்தொடையில் நாடி பலமாக இருந்தால் கவனித்துக்கொண்டிருப்பதே போதும். நாடி தளர்ந்தால் யோகிம்பின் அல்லது அற்றிப்பமெசோல் கொடுத்துச் சைலசீனையே முறிப்பது நல்லது.

மயக்க மருந்தான கெற்றமின் எதிர்த்திசையில் துடிப்பின் வேகத்தைக் கூட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஆனால் வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் பூனைகளிலேயே ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்கு இதயச்சுவர் தடித்திருக்கும். பலவற்றில் இதயத்தைக் கேட்கும் குழலில் எந்த அசாதாரணச் சத்தமும் கேட்காது. அப்படிப்பட்ட இதயம் விரைந்தால் இரத்தம் நிரம்ப அவகாசம் கிடைக்காது.

மாடும் பூனையும் ஒரே பையிலிருந்து மருந்து பெறும் வன்னியில் போத்தலின் செறிவே பெரிய பொறி. கிலோவுக்கு 1 மி.கி. என்றால் 3 கிலோப் பூனைக்கு 2 சதவீதச் சைலசீன் 0.15 மி.லீ. தான். குதிரைக்கான 10 சதவீதப் போத்தலில் அதே அளவை இழுத்தால் ஐந்து மடங்கு போய்விடும். நிறையைத் தராசில் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

கருத்தடைச் சத்திரசிகிச்சையில் பெட்டைப் பூனையின் சூலகத்தை இழுக்கும் நொடியிலும் துடிப்பு விழும். இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கடைசியாகக் குளிர். பங்குனி வெயிலில் கிளிநொச்சி கொதிக்கும்போது பூனைக்குக் குளிரா என்று சிரிக்கலாம். மயக்கத்தில் அதற்கு நடுங்க முடியாது. வயிறு திறந்திருக்கும், தோலில் ஸ்பிரிட், மேலே மின்விசிறி. உடல் குளிரக் குளிர, இதயத்தின் துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவே மந்தமாகும். அதை அற்றோபினால் எழுப்ப முடியாது. மின்விசிறியை நிறுத்தி, இளஞ்சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அருகில் வையுங்கள். நேரே தோலில் வைத்தால் சுட்டுவிடும்.