நன்கொடை லேப்டாப்களுக்கு ஒரே டிஸ்க் இமேஜ்: பிரதி எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

திருகோணமலைப் பாடசாலைகளுக்கு நன்கொடையாக வரும் லேப்டாப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருபது இருக்காது. நாலைந்து கம்பனி, ஏழெட்டு மாடல், சிலதில் சார்ஜர் இல்லை. ஒவ்வொன்றிலும் தனித்தனியே இயங்குதளம் போட்டு, மென்பொருள் ஏற்றி, தமிழ் அமைத்து முடிக்க இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். ஒன்றை முழுமையாக அமைத்து, அதன் டிஸ்க் இமேஜை (டிஸ்கில் உள்ளவற்றின் முழுப் பிரதியை) மற்றவற்றில் இறக்கினால் ஒன்றுக்குக் கால் மணித்தியாலம் போதும்.

ஆனால் மூல இயந்திரத்தில் விட்ட பிழையும் இருபதிலும் போய் உட்காரும். லேப்டாப்கள் மூதூருக்கும் வெருகலுக்கும் குச்சவெளிக்கும் போன பிறகு அதைத் திருத்துவது பெரிய அலைச்சல். அதனால் நேரத்தைப் பிரதி எடுப்பதற்கு முன்னால்தான் செலவழிக்க வேண்டும்.

முதலில் இயங்குதளத்தைத் தீர்மானியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் வேண்டும். நன்கொடையாக வருவதில் பல இதற்கு முந்தியவை. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த ஒரு இயந்திரத்துக்கானது, இமேஜாக எடுத்துப் பலவற்றில் போடுவதற்கு அது மட்டும் போதாது. ஆகவே இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகை நல்ல தெரிவு. 4 ஜிபி ரேமில் சிரமமில்லாமல் ஓடும். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. வன்பொருளை இயக்கும் டிரைவர்களில் அநேகமானவை இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குள்ளேயே இருப்பதால் ஒரே இமேஜ் வெவ்வேறு மாடல்களிலும் எழும்பும். பிராட்காம் வைஃபை அட்டைதான் அடிக்கடி முரண்டு பிடிக்கும். அதற்குரிய பொதியை ஒரு பென்டிரைவில் தனியாக வைத்திருங்கள்.

இனி ஒவ்வொரு லேப்டாப்பையும் மேசையில் வைத்துப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைச் செருகாமல் பற்றரியைக் கழற்றி ஒதுக்குங்கள். பயாஸில் (லேப்டாப் எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலில்) கடவுச்சொல் போட்ட லேப்டாப் என்றால், தந்தவரிடமே கேட்டு நீக்கச் சொல்லுங்கள். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். 197-இல் பூச்சியம் அல்லாத எண் இருந்தால், வாசிக்கத் தடுமாறும் பகுதிகள் இருக்கின்றன என்று அர்த்தம். அந்த ஹார்ட் டிஸ்கில் இமேஜ் இறக்குவது வீண்வேலை, 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாற்றுவதே மேல்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் திறந்த அறையில் சில மாதம் கிடந்த இயந்திரம் என்றால் ரேமைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றுப் பட்டு அதன் பொன்னிறப் பற்கள் மங்கியிருக்கும், ஓரத்தில் பச்சை படிந்திருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்துப் போட்டால், திரையே வராத லேப்டாப்பும் பல வேளை எழும்பிவிடும்.

அடுத்தது பழைய தரவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இமேஜை இறக்கினால் பழையது எல்லாம் அழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. இமேஜ் எடுக்கவும் இறக்கவும் பயன்படும் குளோன்ஸில்லா மென்பொருள், டிஸ்கில் பாவனையில் உள்ள தொகுதிகளை மட்டுமே எடுத்து எழுதும். 500 ஜிபி டிஸ்கில் 15 ஜிபி இமேஜை இறக்கினால், மீதியில் தந்தவரின் குடும்பப் படங்களும் வங்கிக் கடிதங்களும் அப்படியே கிடக்கும். இலவச மீட்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டு ஒரு மாணவராலேயே அவற்றை எடுத்துவிட முடியும். நம்பித் தந்தவருக்கு நாம் செய்ய வேண்டிய முதல் மரியாதை இதை முழுதாக அழிப்பது. ஹார்ட் டிஸ்க் என்றால் முழு டிஸ்கையும் ஒரு தடவை பூச்சியத்தால் நிரப்பினால் போதும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 500 ஜிபிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியும். எஸ்எஸ்டிக்கு இது சரிவராது. அதன் கட்டுப்படுத்தி சில தொகுதிகளை வெளியே காட்டாமல் ஒதுக்கி வைத்திருக்கும். அதற்கென்று உள்ள செக்யூர் இரேஸ் கட்டளையைக் கொடுங்கள். டிஸ்க் உறைந்த நிலையில் இருக்கிறது என்று அது மறுத்தால், லேப்டாப்பை ஒரு முறை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்புங்கள்; அநேகமாக வழிவிடும்.

மூல இயந்திரத்தை, இருப்பதிலேயே சிறிய டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அமையுங்கள். 240 ஜிபியில் எடுத்த இமேஜை 120 ஜிபியில் இறக்கப் போனால் குளோன்ஸில்லா இடம் போதாது என்று நிறுத்திவிடும். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவதில் தொல்லை இல்லை: இறக்கும்போது கே1 (-k1) தெரிவைக் கொடுத்தால் பிரிவுகள் டிஸ்கின் அளவுக்கு ஏற்ப விரியும்.

தமிழ் தட்டச்சுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையைச் சேருங்கள். பாமினி எழுத்துருவையும் மறக்காமல் போடுங்கள். ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள் பாமினியில்தான் இருக்கின்றன, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சிங்கள எழுத்துருவும் இருக்கட்டும். மாணவருக்கு நிர்வாக உரிமை இல்லாத கணக்கு, ஆசிரியருக்கு வேறு கணக்கு.

பிரௌசரில் உங்கள் கூகுள் கணக்கால் உள்நுழையவே வேண்டாம். நுழைந்துவிட்டு இமேஜ் எடுத்தால் உங்கள் மின்னஞ்சல் இருபது பிள்ளைகளின் கையில் திறந்திருக்கும். வைஃபை கடவுச்சொல்லும் அப்படியே.

இமேஜ் எடுப்பதற்கு முன் கடைசி வேலையாக மெஷின் ஐடி கோப்பை (/etc/machine-id, இயந்திரத்தின் தனி அடையாள எண் இருக்கும் கோப்பு) வெறுமையாக்குங்கள். கோப்பு இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அப்போதுதான் ஒவ்வொரு லேப்டாப்பும் முதல் தடவை எழும்பும்போது தனக்கென ஓர் அடையாளத்தை உருவாக்கும். இருபதுக்கும் ஒரே அடையாளம் என்றால் ரவுட்டர் இரண்டுக்கு ஒரே ஐபி முகவரியைக் கொடுக்கக்கூடும், ஒன்று இணைய மற்றது விழும். வெறுமையாக்கிய பின் நேரே அணைத்துவிடுங்கள். தவறி ஒரு முறை இயக்கினாலும் புது அடையாளம் எழுதப்பட்டுவிடும், திரும்பவும் வெறுமையாக்க வேண்டும்.

ஐந்து லேப்டாப் வரை குளோன்ஸில்லா பென்டிரைவும், இமேஜ் உள்ள வெளி எஸ்எஸ்டியும் போதும். எழுதத் தொடங்கும் முன் இலக்கு டிஸ்கின் கொள்ளளவையும் மாடலையும் திரையில் வாசியுங்கள். மாறித் தெரிவு செய்தால் இமேஜ் இருக்கும் எஸ்எஸ்டியே அழியும்.

அதற்கு மேல் என்றால் ஒரு கிகாபிட் சுவிட்ச் வாங்கி, ஒரு லேப்டாப்பைச் சேவையகமாக்கி அதிலிருந்து மல்டிகாஸ்ட் முறையில் எல்லாவற்றுக்கும் ஒன்றாக அனுப்புங்கள். சுவிட்சைப் பாடசாலை ரவுட்டரோடு இணைக்க வேண்டாம். ஐபி முகவரி கொடுக்கச் சேவையகமும் ரவுட்டரும் போட்டியிட்டால் லேப்டாப்கள் வலையமைப்பு வழியாக எழும்பாமல் நின்றுவிடும். மல்டிகாஸ்டில் எல்லாரும் மிக மெதுவானவரின் வேகத்தில்தான் போவார்கள். கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டு வயரும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் அந்த லேப்டாப் 100 மெகாபிட்டுக்கு இறங்கி மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கக்கூடும். சுவிட்சில் எந்த விளக்கின் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்து அந்தக் கேபிளை மாற்றுங்கள். வாடை மழைக் காலத்தில் கரண்ட் போய்வரும். பற்றரி நன்றாக உள்ள லேப்டாப்பைச் சேவையகமாக வைத்து, சுவிட்சை யூபிஎஸ்ஸில் செருகுங்கள்.

முதலில் ஒன்றில் மட்டும் இறக்கி, சத்தம், வைஃபை, கேமரா, தமிழ் தட்டச்சு எல்லாம் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். இறக்கியும் எழும்பாவிட்டால் காரணம் பெரும்பாலும் பயாஸில் இருக்கும். யூஈஎஃப்ஐ எனும் புதிய எழும்பு முறையில் எடுத்த இமேஜ், லெகசி எனும் பழைய முறையில் எழும்பாது. டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் டிஸ்க் இணைப்பு முறை ரெயிட் என்றிருப்பதை ஏஎச்சிஐ ஆக்குங்கள். இரண்டையும் சரிசெய்த லேப்டாப் இரண்டு நாளில் மறுபடி எழும்பாமல் போனால் உள்ளிருக்கும் சிஆர் 2032 நாணயப் பற்றரி செத்திருக்கக்கூடும். பயாஸ் ஒவ்வொரு முறையும் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும், கடிகாரமும் பல வருடம் பின்னால் போகும். தேதி பிழைத்தால் பிரௌசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று தடுக்கும். பிள்ளைகள் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்பார்கள். பற்றரியின் விலை சொற்பம், சில மாடல்களில் அது சிறு வயரோடு வரும் என்பதால் பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரப் பெயர் கொடுத்து, அதே இலக்கத்தை மூடியிலும் சார்ஜரிலும் ஒட்டுங்கள். இமேஜ் உள்ள ஒரு பென்டிரைவைப் பாடசாலையிலேயே விட்டு, தகவல் தொழினுட்ப ஆசிரியரை ஒரு லேப்டாப்பில் தன் கையாலேயே இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.