சேலத்துக் காற்றும் கதிர்வீச்சு டோஸும்

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, கரண்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வழக்கமான கணக்கு 70 கிரே (கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு). நாளுக்கு 2 கிரே வீதம் 35 தடவை, சனி ஞாயிறு போக ஏழு வாரம். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களுக்கும் இதே ஏழு வாரம்தான். அந்த 2 கிரே உண்மையிலேயே 2 கிரேதானா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவ இயற்பியலாளர். நோயாளிகளில் பெரும்பாலோர் அவர் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கதிர்வீச்சை அளக்க அவர் கையில் இருப்பது அயனி சேம்பர். விரல் தடிமன்கூட இல்லாத சின்னக் குழாய், உள்ளே சுமார் 0.6 கன சென்டிமீட்டர் காற்று, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இதை நிறுத்தி, லினாக் என்னும் சிகிச்சை மெஷினிலிருந்து கதிரைப் பாய்ச்சுவார்கள். கதிர் பட்டதும் குழாயில் உள்ள காற்று அயனிகளாகப் பிரியும். அதில் சேரும் மின்னூட்டத்தை எலக்ட்ரோமீட்டர் காட்டும். அதிலிருந்து டோஸைக் கணக்கிடும் முறையை சர்வதேச அணுசக்தி முகமை வகுத்திருக்கிறது.

சேலம் இங்கேதான் கணக்குக்குள் வருகிறது. சேம்பர் வெளிக்காற்றுக்குத் திறந்தது. காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அளவும் குறையும், ரீடிங்கும் குறையும். சேம்பரை ஆய்வகத்தில் சோதித்துக் கொடுக்கும் சான்றிதழோ 20 டிகிரி வெப்பத்துக்கும் 1013 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்கும் ஆனது. அது கடல்மட்ட அழுத்தம். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழுத்தம் இங்கே சுமார் 980தான். அதனால் மட்டுமே ரீடிங் 3 சதவீதத்துக்கு மேல் குறையும். அறை 24 டிகிரியில் இருந்தால் இன்னொரு 1.4 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 சதவீதம். நோயாளிக்குப் போய்ச் சேரும் டோஸில் எல்லாத் தவறுகளும் சேர்ந்தே இந்த 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் இத்துறையில் நெடுநாளாக இருக்கும் வரம்பு. இதே சேம்பரை 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் ரீடிங்கில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும்.

திருத்தம் செய்யும் சூத்திரம் ஒரே வரி. ஆபத்து அதில் போடும் எண்ணில் இருக்கிறது. போனில் வானிலை பார்த்தால் சேலத்துக்கும் 1012 என்றே காட்டும், ஏற்காட்டுக்கும் ஏறக்குறைய அதேதான். வானிலைக்காரர்கள் ஊரின் அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றித்தான் வெளியிடுவார்கள். அந்த எண்ணை எடுத்துப் போட்டால் மெஷின் உண்மையில் தருவதைவிடக் குறைவாகத் தருவது போலத் தெரியும். அதை நம்பி மெஷின் தரும் அளவை ஏற்றி வைத்தால் 70 கிரே வாங்க வேண்டியவருக்கு 2 கிரேக்கு மேல் கூடுதலாகப் போகும். மேட்டு நிலத்து மருத்துவமனைகளில் விமான நிலையத்து அழுத்தத்தை அப்படியே பயன்படுத்தி இப்படி நடந்தது, சர்வதேச அணுசக்தி முகமையின் விபத்துப் பதிவுகளில் இருக்கிறது. அதனால் மெஷின் இருக்கும் தடித்த சுவர் அறையான பங்கருக்குள்ளேயே ஒரு நல்ல பாரோமீட்டர் வேண்டும், அதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

ஒருவருடைய சிகிச்சைப் பிளானில் தவறு வந்தால் பாதிப்பு அந்த ஒருவருக்கு. அளவீட்டில் தவறு வந்தால் அந்த மெஷினில் படுக்கும் அத்தனை பேருக்கும், அதுவும் யாரும் கண்டுபிடிக்கும்வரை தினம் தினம்.

இவ்வளவையும் செய்ய எத்தனை பேர் வேண்டும்? ஆண்டுக்கு 400 நோயாளிகளுக்கு ஓர் இயற்பியலாளர் என்றொரு பழைய கணக்கு உண்டு. எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. நோயாளிகள் பாதியாகக் குறைந்தாலும் மெஷினைச் சோதிக்கும் வேலை குறையாது. காலையில் முதல் நோயாளி வருமுன் கதிரின் அளவு, நோயாளியைச் சரியான இடத்தில் படுக்கவைக்க உதவும் லேசர் கோடுகள், கதவு திறந்தால் கதிர் நிற்கிறதா என்பதெல்லாம் பார்த்தாக வேண்டும். மாதச் சோதனை, ஆண்டுச் சோதனை தனி. பகலில் பிளான் போடும் வேலை: கட்டிக்கு 70 கிரே, பக்கத்திலேயே இருக்கும் தண்டுவடத்துக்கு 45, 50ஐத் தாண்டக் கூடாது. ஐஎம்ஆர்டி, விமேட் போன்ற நுணுக்கமான பிளான் என்றால், நோயாளிக்குக் கொடுக்குமுன் அதே பிளானை அளக்கும் கருவியில் ஓட்டி, டோஸில் 3 சதவீதம், இடத்தில் 2 மில்லிமீட்டர் அளவுக்குள் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். மெஷின் நோயாளிகள் இல்லாமல் கிடைக்கும்போதுதான் இதற்கு நேரம். அதாவது கடைசி நோயாளி கிளம்பிய பிறகு, இரவில். ரிப்பேர் முடிந்தாலும் அப்படித்தான், என்ஜினியர் சரி என்றால் போதாது, இயற்பியலாளர் அளந்து சொல்ல வேண்டும்.

சர்வதேச அணுசக்தி முகமை 2015இல் வெளியிட்ட கணக்கு முறை நோயாளிகளோடு மெஷின்கள், சிகிச்சை வகைகள், பயிற்சி கொடுக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இதுதான் நியாயம்.

ஆள் கிடைப்பது வேறு சிக்கல். சென்னை அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி., அப்புறம் ஓராண்டு இன்டர்ன்ஷிப். கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு தேர்வு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல். அந்த அதிகாரி இல்லாமல் சிகிச்சை நடத்த அனுமதி கிடையாது. பல இடங்களில் இயற்பியலாளரே அந்தப் பொறுப்பையும் சுமக்கிறார்.

ஒரே மெஷின் உள்ள சின்ன மருத்துவமனையிலும் இரண்டாவது இயற்பியலாளர் வேண்டும் என்பேன். லீவுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. ஒருவர் அளந்து எழுதிய எண்ணை, அந்தத் தாளைப் பார்க்காமல் இன்னொருவர் வேறொரு சேம்பரை எடுத்து முதலிலிருந்து அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போனால்தான் மறுநாள் முதல் நோயாளியை உள்ளே அழைக்க வேண்டும்.